துட்டி கேட்க யார் வருவார்?

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காகப் போன நவம்பரில் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தபோது நான் திண்ணையில் இருந்தேன். கல்லிடைக்குறிச்சியில் அடைமழை கொஞ்சம் விட்டிருந்த காலை. வந்தவர் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர், என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர். அப்பா, அம்மா, தம்பி என்று ஒவ்வொரு படிவமாகக் கொடுத்துக்கொண்டே வந்தவர் நான்காவதாக என் பெயரை வாசித்தார். கல்யாணமாகிப் போனபோது யாரும் நீக்கச் சொல்லவில்லை, அப்படியே கிடந்திருக்கிறது. "இந்தா உக்காந்திருக்காளே, கையெழுத்து வாங்கிக்கிடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டேன், எனக்கு இங்கே ஓட்டு கிடையாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "ஏட்டி, பேரையே எடுத்துருவாவளா?" என்று கேட்ட அம்மா, அன்று மத்தியானம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஓட்டு வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்தியப் பாஸ்போர்ட்டையே விட்டேன். இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சிட்னியின் மேற்கே போனிரிக்கில் எங்கள் வீடு. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு பக்கத்தில் வியட்நாம்காரர்கள், மறுபக்கம் ஈராக்கிலிருந்து வந்த அசீரியக் குடும்பம், எதிரே ஃபிஜி இந்தியர்கள், தெருமுனையில் யாழ்ப்பாணத்து அக்கா. பக்கத்தில் கபிரமட்டா கடைத்தெருவுக்குப் போனால் வாழைப்பூவும் வாழையிலையும் வாங்கலாம். அங்கே வாங்கின தேங்காயில் முதன்முதலாகச் சொதி வைத்த ஞாயிற்றுக்கிழமை, சரி, இனிமேல் இதுதான் நம்ம ஊர் என்று நினைத்தேன். பாதிச் சாப்பாட்டில் ஆச்சி எங்கள் அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் காதுக்குள் வந்துவிட்டது. அதற்குமேல் இறங்கவில்லை.

நம் பக்கத்து அரசியல்வாதிகளைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கவுன்சிலர் வருவார், ஒன்றியச் செயலாளர் வருவார், எம்.எல்.ஏ. ஊரில் இருந்தால் அவரும் வந்து பந்தலுக்குள் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். துட்டி கேட்க வராத ஆளுக்கு அடுத்த தேர்தலில் அந்தத் தெரு முகம் கொடுக்காது. தாத்தா இறந்தபோது அப்படி வந்த ஒருவரிடம்தான், பதினாறு கழிந்த பிறகு, வாய்க்கால் மடை உடைந்து கிடப்பதற்கு அப்பா மனு கொண்டுபோய்க் கொடுத்தார். மடை சரியாக ரொம்ப நாளாயிற்று. ஆனாலும் யார் கையில் மனுவைக் கொடுக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை என்பது 2021-இல்தான் உறைத்தது. அந்த ஆண்டு மே மாதம், கொரோனாவைக் காரணம் காட்டி, வருவதற்கு முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த எவரும் ஆஸ்திரேலியாவுக்குள் வரக்கூடாது, குடிமக்களே ஆனாலும் மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்று அரசு உத்தரவு போட்டது. ஏறக்குறைய 9,000 பேர் இந்தியாவில் சிக்கிக்கொண்டார்கள். மே 15 வரை அந்தத் தடை இருந்தது. ஆச்சி போனது அந்த நாட்களில். நான் போன் போட்ட அலுவலகங்களிலெல்லாம் பதிவு செய்த குரல்தான் பேசியது. ஆச்சியைக் கடைசியாகத் தம்பி பிடித்த போனில் பார்த்தேன். வியட்நாம் வீட்டு அம்மா விஷயம் தெரிந்து வாசலில் ஒரு தட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் துட்டி கேட்டது அவர் ஒருவர்தான்.

அப்புறம் கொரோனாவின் டெல்டா அலை வந்தது. எங்கள் ஃபேர்ஃபீல்டு நகராட்சிக்குள் குடியிருந்து வெளியே வேலைக்குப் போகிறவர்கள் 3 நாளைக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். இரவு வேலை முடித்துக் காரை நேராக அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவேன். முன்னும் பின்னும் நர்சுகள், லாரி ஓட்டுகிறவர்கள், துப்புரவு வேலைக்காரர்கள். ஆகஸ்டில் ராணுவ வீரர்கள் போலீசோடு சேர்ந்து வீடு வீடாக வந்தார்கள். அசீரிய வீட்டுப் பாட்டி சீருடையைப் பார்த்ததும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். எந்தச் சீருடைக்குப் பயந்து ஓடிவந்தாரோ அவருக்குத்தான் தெரியும். ஆகஸ்ட் 23 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணிவரை எங்களைப் போன்ற பகுதிகளுக்கு மட்டும் ஊரடங்கு. அதே நாட்களில் சிட்னியின் கிழக்கே வசதியானவர்கள் குடியிருக்கிற போண்டாய் கடற்கரையில் ஜனங்கள் நடந்துபோவதைச் செய்தியில் காட்டினார்கள். நகரத்துக்குச் சாமான் ஏற்றி, கிழவர்களைக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவர்கள் குடியிருந்த பகுதிகள் எங்களுடையவை. கொஞ்சம் மரியாதையாக நடத்துங்கள் என்று மேலிடத்தில் எழுந்து பேச எங்களுக்கு ஆள் போதவில்லை.

அந்தச் செப்டம்பரில், பொதுமுடக்கம் முடியும் முன்பே, எங்கள் ஃபௌலர் தொகுதியைப் பற்றிய செய்தி வந்தது. 1984-இல் தொகுதி உருவான நாளிலிருந்து லேபர் கட்சியின் கோட்டை. 2019-இல், மற்ற வேட்பாளர்களின் ஓட்டுகளை விருப்ப வரிசைப்படி கடைசி இரண்டு பேருக்குப் பிரித்துக் கூட்டியபோது நூற்றுக்கு 64 அவர்களுக்கு. ஓய்வு பெறவிருந்த எம்.பி. கிறிஸ் ஹேய்ஸ், தனக்குப் பின் டூ லீ வர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். வியட்நாம் அகதிகளின் மகள், வக்கீல். கட்சி கிறிஸ்டினா கெனீலியை நிறுத்தியது. அவர் திறமையில் நான் குறை காண மாட்டேன், நியூ சவுத் வேல்ஸின் முதல் பெண் முதல்வர் அவர். ஆனால் அவர் வீடு சிட்னியின் வடகோடியில், படகில் போக வேண்டிய ஸ்காட்லாந்து தீவில் இருந்தது. கல்யாண வீட்டில் விடிய விடியச் சமைத்தவளைப் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டது மாதிரி இருந்தது எங்களுக்கு. பாதுகாப்பான தொகுதி என்ற பெயரில், எங்கள் ஓட்டு எப்படியும் வந்துவிடும் என்று எண்ணி வைத்திருந்தார்கள்.

2022 மே 21, சனிக்கிழமை. எனக்கு அப்போது நிரந்தர வசிப்புரிமை மட்டும்தான், ஓட்டு இல்லை. வீட்டுக்காரர் உள்ளே போனார், நான் பிள்ளையோடு பள்ளிக்கூட வாசலில் ரொட்டியில் சாசேஜ் சுற்றி விற்கிற வரிசையில் நின்றேன். நம் ஊர் பூத்தில் நூறு மீட்டருக்கு அப்பால் கட்சிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து சீட்டு எழுதுவார்கள். இங்கே வாசல் வரைக்கும் வந்து கையில் துண்டுச்சீட்டைத் திணிக்கிறார்கள். அன்று சுயேச்சையாக நின்றவர் டாய் லீ (டூ லீ இல்லை, வேறொருவர்), ஃபேர்ஃபீல்டு துணை மேயர். முன்பு லிபரல் கட்சியில் இருந்தவர். சைகோனில் பிறந்து, 1975-இல் போர் முடிந்தபோது தாயோடு தப்பி, பிலிப்பைன்ஸிலும் ஹாங்காங்கிலும் முகாம்களில் இருந்துவிட்டு 1979-இல் ஆஸ்திரேலியா வந்தவர். அவர் ஜெயித்துவிட்டார்! அந்த இரவு வியட்நாம் வீட்டில் போட்ட சத்தத்தில் எங்கள் பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டான். நானும் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்தச் செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கொடி அச்சிட்ட வியட்நாம் உடையில் அவர் நாடாளுமன்றத்தில் முதல் பேச்சு பேசினார். அதை வேலை இடைவேளையில் போனில் பார்த்து நான் அழுதேன். அவருடைய எல்லாக் கொள்கையும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அவர் எங்களோடு அந்த ஊரடங்கில் இருந்தவர்.

அதற்கப்புறம்தான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தராது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற ஓ.சி.ஐ. அட்டை என் கையில் இருக்கிறது, அதை வைத்து எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வரலாம், ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. எங்கள் வயலை ஒட்டி ஒரு கோட்டை விதைப்பாடு நிலம் விலைக்கு வந்தது என்று அப்பா சொன்னபோது, கையில் பணம் இருந்தும் நான் வாங்க முடியாது என்று சொல்லப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஓட்டு இல்லாதவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். மாணவர்கள், தற்காலிக விசாவில் வேலை செய்கிறவர்கள், என்னைப் போல் காத்திருந்தவர்கள். ஒரு மாநிலத்துக்குள் தொகுதி எல்லை பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்துத்தான் வகுக்கப்படுகிறது. அதனால் குடிமக்கள் அல்லாதவர்கள் நிறைந்த இடத்தில் ஒரே எம்.பி.யின் வாசலில் நிற்கிற ஜனம் அதிகம். ஓட்டு இருந்தும் வீணாவது இன்னொரு கொடுமை. மாநிலத் தேர்தலில் ஒரு கட்டத்தில் 1 என்று போட்டாலே செல்லும், நாடாளுமன்றத்துக்கான பச்சைச் சீட்டில் எல்லாக் கட்டத்திலும் 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும். நாட்டிலேயே செல்லாத ஓட்டு அதிகம் விழுகிற தொகுதிகளில் ஃபௌலரும் ஒன்று. கட்டாய வாக்கு என்பதால், 20 டாலர் அபராதத்துக்குப் பயந்து வந்து, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் ஒரு டிக் போட்டுவிட்டுப் போகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து அக்காவும் நானும் மாதிரிச் சீட்டு வரைந்து அவர்களுக்கு எழுதிக் காட்டுகிறோம்.

2025 மே 3-இல் என் முதல் ஓட்டு. லேபர் கட்சி இந்தமுறை டூ லீயை நிறுத்தியது, டாய் லீயே மறுபடி வென்றார். யார் வென்றால் என்ன, இரண்டு பேருமே அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பென்சிலால் எண்களை எழுதி, மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து இடது கைவிரலைப் பார்த்தேன். மை இல்லை. தாத்தாவோடு பூத்துக்குப் போன காலத்தில் அவர் விரல் மை அழிகிறவரை தினம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "வெளியூர்க்காரனக் கொண்டாந்து நிறுத்துறது இங்க இல்லாததாட்டி?" என்றார். இருக்கிறதுதான். ஆனால் ஊரில் சித்தப்பா அதை எதிர்த்து டீக்கடையில் சண்டை போடுவார், கட்சி ஆபீசுக்கே போய்க் கேட்பார். நம்மவர்கள் சிட்னியில் தீபாவளி மேடைக்கு எம்.பி.க்களைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறோம். பெற்றோரை அழைத்துவர விண்ணப்பித்தால், பெரிய தொகை கட்டாதவர்களின் வரிசையில் காத்திருப்பு சுமார் 30 ஆண்டு. இதை அந்த மேடையில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வருகிற பொங்கல் விழாவில் கேட்பதாக அக்காவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பெற்றோர் விசா முதல் கேள்வி, முதியோர் இல்ல வேலையாட்களின் இரவுப் பேருந்து இரண்டாவது. சால்வைக்கு முன்பே மனுவைக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் வழக்கப்படி இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.