கோணலாக மாட்டினால்தான் ஓடிய கடிகாரம்

பதினோரு நாளாக நிற்காமல் ஓடுகிறது. அதுவும் நேராக மாட்டிய நிலையில். கண்பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

தாத்தாவின் செய்கோஷா என்ற ஜப்பான் கம்பெனிப் பெண்டுலம் கடிகாரம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அதாவது 1956க்கு முன்னால், கொல்லத்தில் வாங்கி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாக ஆச்சி சொல்வாள். எனக்கு நினைவு தெரிந்து அது சுவரில் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது. போன வருடம் வெள்ளையடித்த பிறகு ரசமட்டம் வைத்து நேராக மாட்டினேன். இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது.

தென்காசியில் காட்டினேன். "தம்பி, இதற்கெல்லாம் இனி சாமான் கிடைக்காது. பேட்டரி மிஷின் போட்டுவிடலாம்" என்றார் கடைக்காரர். "வேண்டாம் அண்ணாச்சி" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கழற்றினால் பல்சக்கரம் முழுக்கத் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. மலையாள எல்லையோரம் எதற்குத்தான் தேங்காய் எண்ணெய் விடாமல் இருந்தோம்! ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழி விடியலில் மட்டும் கடிகாரம் நிற்கிறதே என்று ஆச்சி அதற்குத் திருஷ்டி கழித்ததை நானே பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் கழுவி, கடிகார எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்தேன். அப்போதும் நேராக மாட்டினால் நின்றது.

குறை டிக் டாக்கில் இருந்தது. டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இல்லாமல், நொண்டி நடப்பதுபோல் கேட்டது. சாய்த்து மாட்டியபோது அந்தச் சாய்வே இதைச் சமன் செய்திருக்கிறது. பெண்டுலத்துக்குப் பின்னால் ஒரு ஸ்கேலை ஒட்டி, குண்டைக் கையால் மெல்ல நகர்த்தினேன். வலப்பக்கம் 4 மில்லிமீட்டரில் டிக். இடப்பக்கம் 9 மில்லிமீட்டர் போனால்தான் டாக். பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுகிற ஆங்கர் என்ற கொக்கியிலிருந்து இறங்கிப் பெண்டுலத்தைத் தள்ளுகிற கம்பியை வளைத்துத்தான் இதைச் சமன் செய்ய வேண்டும். எந்தப் பக்கம் வளைப்பது? டாக் தாமதமாக வருகிற இடப்பக்கம் என்று நினைத்தேன். வளைத்தால் 2, 11 ஆனது. எப்படி வளைத்தாலும் கூட்டுத்தொகை 13தான் என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தம் சீக்கிரம் வருகிற பக்கம் வளைக்க வேண்டுமாம். கம்பியின் மேல்பகுதியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஆங்கர் அச்சே கோணிவிடும். ஒரு மாலை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக வளைத்து, 6, 7க்குக் கொண்டுவந்தேன். இதற்கு மேல் தொட எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்து, நாளுக்கு ஐந்து நிமிடம் முந்தியது. இந்த அளவுப் பெண்டுலத்தில், அதாவது 25 சென்டிமீட்டர் நீளத்தில், 1 மில்லிமீட்டர் இறக்கினால் நாளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் குறையும். குண்டைத் தாங்கும் அடிமரையை ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கினேன், சரியாகிவிட்டது. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரிபார்த்த கடிகாரத்தைப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், தென் அமெரிக்காவில் உள்ள கயேனுக்குக் கொண்டுபோனபோது அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. அங்கே புவியீர்ப்பு சற்றுக் குறைவு. அவரும் பெண்டுலத்தின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. நான் அதை நினைத்துக்கொண்டே மரையைத் திருகினேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெண்டுலம் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு புனலூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒன்று கேட்டால் மூன்றாகத்தான் தருவேன் என்றார். மீதி இரண்டும் டப்பாவில் இருக்கின்றன, தேவைப்படுவோர் கேட்கலாம்.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறதல்லவா? மணிக்கு மணி தாடிக்காரர் வாய் திறப்பார், இரண்டு ஆடுகள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். அதைப்போல் ஒன்றைப் பலா மரத்தில் சின்னதாகச் செய்ய ஆசை. ஆடுகளுக்குக் காகிதத்தில் வரைந்தும் வைத்துவிட்டேன்.

வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. முதலில் இதன் மணியைச் சரிசெய்யுங்கள் என்கிறாள். முள்ளைப் பின்னோக்கித் திருப்பியதில் எத்தனை அடிக்க வேண்டும் என்று எண்ணுகிற கணக்குச் சக்கரம் தவறிவிட்டது. நேற்று ராத்திரி மூன்று மணிக்கு எட்டு அடித்தது. மாமனார் எழுந்து பல் துலக்கிவிட்டார்.