ஆலமரத்தடியில் நலம் விசாரிப்பவர்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிப்போர் கூடிப் பேசுவதற்கென்று இருக்கும் பொதுப் பக்கத்திற்கு ஆலமரத்தடி என்று பெயர். ஒரு வார்ப்புரு (பல பக்கங்களில் இடுவதற்கென்று ஆயத்தமாக வைத்திருக்கும் வாசகம் அல்லது பெட்டி) சரியாக இயங்கவில்லை என்ற முறையீடு, கட்டுரைப் போட்டிக்கான விதிகள், தலைப்பு மாற்றத்திற்கான வேண்டுகோள் ஆகியவற்றுக்கு நடுவே, நெடுநாள் காணாமல் போயிருந்த ஒருவரை மீண்டும் கண்ட மகிழ்ச்சியும் வாழ்த்துகளும் அங்கே கலந்து கிடக்கும். கலைக்களஞ்சியம் எழுத வந்த இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது இல்லாமல் போனால் எழுத்தும் நின்றுபோகும் என்பதே, அங்கே பங்களித்து வருகிறவன் என்ற முறையில் என் உறுதியான எண்ணம்.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டம் 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் தொடர்ந்து எழுதுகிறவர்களின் கூட்டம் மிகச் சிறியது. அதிலும் பெரும்பாலோர் ஊதியம் எதுவும் பெறாமல், தத்தம் வேலை முடிந்த பிறகு எழுதுகிறவர்கள். தொடக்க ஆண்டுகளிலிருந்தே ஏராளமான கட்டுரைகளை எழுதிய இ. மயூரநாதன், இலங்கையில் பிறந்து அமீரகத்தில் பணியாற்றியவர். இப்படி ஒரே கட்டுரையைத் திருத்துகிறவர்கள் வெவ்வேறு நாடுகளில், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் மாலை ஐந்தரை மணிக்குக் கேட்கும் ஐயத்தை டொராண்டோவில் இருப்பவர் காலை உணவு நேரத்தில் படிக்கிறார். வயதும் தொழிலும் தெரியாததால், பெரும்பாலும் 'நண்பரே' என்றோ 'ஐயா' என்றோதான் பேச்சுத் தொடங்குகிறது. பழகப் பழக, சிலருக்கு அது 'அண்ணா' என்றும் 'தம்பி' என்றும் ஆகிவிடுகிறது.

இந்த நட்பு யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்றால், புதிதாக வருகிறவருக்குத்தான். அவர் பெரும்பாலும் தம் ஊரைப் பற்றியோ, தாம் படித்த பள்ளியைப் பற்றியோ, குலதெய்வக் கோயிலைப் பற்றியோதான் முதற்கட்டுரையை எழுதுகிறார். அதில் மேற்கோள் இருக்காது, புகழ்ச்சி மிகுந்திருக்கும், சில இடங்களில் வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய பத்தியும் இருக்கலாம். விதிப்படி அதற்கு நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பு, இடுவது சில நொடி வேலை. ஆனால் நள்ளிரவு வரை உட்கார்ந்து, பழக்கமில்லாத தமிழ்த் தட்டச்சில் எழுத்தெழுத்தாகச் சேர்த்த ஒருவர், மறுநாள் காலையில் அந்தச் சிவப்புப் பெட்டியை மட்டும் பார்த்தால் திரும்பி வருவாரா? அதற்கு மாறாக, 'உங்கள் ஊரைப் பற்றி எழுதியதற்கு நன்றி, இக்கோயிலைக் குறித்து நாளிதழிலோ நூலிலோ செய்தி ஏதேனும் வந்திருக்கிறதா?' என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் (ஒவ்வொரு பங்களிப்பாளருக்கும் பிறர் செய்தி எழுதுவதற்கென்று இருக்கும் பக்கம்) ஒருவர் தம் கையால் எழுதினால், அவர் வீட்டுப் பரணில் கிடக்கும் தலபுராணத்தைத் தேடி எடுக்கக்கூடும். வரவேற்பு வார்ப்புருக்கள் பயனுள்ளவையே. இருப்பினும், எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் வரும் வரவேற்பு, தம் கட்டுரையை ஒருவர் உண்மையிலேயே படித்தார் என்ற நம்பிக்கையைப் புதியவருக்குத் தருவதில்லை.

பழையவர்களிடையேயும் இதற்குப் பயன் உண்டு. இலங்கை வழக்கா, இந்திய வழக்கா என்பதும், கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்பதும் அங்கே எளிதில் தீராத விவாதங்கள். எழுத்தில் குரலின் தொனி தெரியாததால், சாதாரணமான ஒரு மறுப்புகூடக் கடிந்துகொள்வதாகத் தோன்றிவிடும். சென்ற வாரம் தம் படத்தை மேம்படுத்தித் தந்தவர், காய்ச்சல் என்றபோது நலம் கேட்டவர் என்ற நினைவு இருந்தால், அதே மறுப்பை வேறு விதமாகப் படிக்கிறோம். பிறருடைய செயலை நல்லெண்ணத்தோடு செய்ததாகவே முதலில் கொள்ள வேண்டும் என்று விக்கிப்பீடியாவில் வழிகாட்டல் இருக்கிறது. ஆனால் முன்பின் பேசியிராத ஒருவரிடம் அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது, சினத்தோடு எழுதப்பட்ட ஒரு பின்னூட்டத்திற்கு மறுமொழி எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நெருக்கத்தில் ஆபத்தும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நால்வர் தமக்குள் மட்டும் விளங்கும் பேச்சைப் பொதுப் பக்கத்தில் தொடரும்போது ஐந்தாமவர் வெளியே நிற்கிறார். பழகியவர் என்ற தயக்கத்தால் பதிப்புரிமை மீறலைச் சுட்டிக்காட்டாமல் விடுவதும் நடக்கும். அப்படி விடுவதை நட்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

கட்டுரைப் போட்டிகளின்போதுதான் இந்தப் பேச்சு பெரிதும் குறைந்துபோகிறது. எண்ணிக்கையும் காலக்கெடுவும் முன்னால் வந்துவிட, 'ஏற்கப்படவில்லை' என்ற குறிப்போடு நடுவரின் பணி முடிந்துவிடுகிறது. கட்டுரையை ஏற்காத நடுவர், அதற்கான காரணத்தையும் திருத்தும் வழியையும் தம் சொற்களிலேயே இரண்டு வரிகளில், கட்டுரையை எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் இட வேண்டும் என்று போட்டி விதிகளிலேயே சேர்க்கலாம். நடுவர்களின் சுமை அதனால் கூடும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்காக நடுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும், அந்தப் பணியில் பங்கெடுத்துக்கொள்வதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.