சுங்கை சிப்புட் சலூனில் கேட்டவை

நான் திருவாரூர்ப் பக்கம். முடி வெட்டும் வேலைக்குப் பர்மிட்டில் வந்து சேர்ந்த ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் அதிகம். தோட்டத்துச் சனங்களில் பலர் டவுனை ஒட்டிய தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். சாப்பாடும் சாமியும் பழகியவைதான். “பசியாறியாச்சா தம்பி?” என்ற காலை விசாரிப்பும் சீக்கிரம் பழகிவிட்டது. நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் கதை சொல்வதுதான் எனக்குப் புதுசு.

எங்கள் ஊர் சலூனில் அரசியலும் சினிமாவும் ஓடும். இங்கே பெரியவர்கள் தங்கள் தோட்டத்தைச் சொல்கிறார்கள். எந்த லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) யார் இருந்தார்கள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு எந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் என்று. இடித்துவிட்ட லயத்தைப் பேரப்பிள்ளைகளிடம் எத்தனை தடவைதான் சொல்வது? நான் எதுவும் தெரியாமல் வந்தவன். பாதி வெட்டிய தலையை விட்டு எழுந்து போகவும் முடியாது. வரலாற்றைக் காப்பாற்றத்தான் கதை சொல்கிறோம் என்பதெல்லாம் மேடைப் பேச்சு. கதை சொல்கிறவருக்கு முதலில் வேண்டியது, அதை இன்னும் கேட்காத ஓர் ஆள்.

1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பெரியவரின் அம்மா அன்று பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். அவர் மகனிடம் சொல்லிவிட்டுப் போனது வேறு: அன்றைக்கு ஸ்டோரில் பால் நிறுக்க ஆளில்லை, வாளியிலேயே உறைந்துவிட்டது, கூலி கிடைக்குமா என்று யாரைக் கேட்பது? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதையும் அப்படித்தான். அங்கே கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலர் ஊர் திரும்பி நினைவுகளை எழுதினார்கள். மலாயாவிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களிலும் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம்.

தோட்டத்து மளிகைக்கடைத் தவுக்கேயின் (முதலாளியின்) மகன் ஒருவர் வருவார். சீனர், தமிழில் என்னைவிட வேகம். அவர் கதை முழுக்கக் கடன் புத்தகம்தான், யார் அரிசி வாங்கினார், யார் கொடுக்காமல் போனார் என்று. (அதே கதையைப் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் கடன்காரர் மாறிவிடுவார்.) இதே வட்டாரத்து லாசா பக்கத்திலிருந்து பெத்தாய்க் காய் விற்க வரும் தெமியார் பூர்வகுடிக்காரர் ஒருவரும் உண்டு. அவர் பாட்டன் பாடிய பாட்டை யார் கட்டினது என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். சிரித்தார். கனவில் ஆவி வந்து கொடுத்ததாம். அதைப் பாடித்தான் நோய் தீர்ப்பார்களாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார். அப்பா பால்மரம் வெட்டியவர். 1924 முதல் 2019 வரை வந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில்தான் இவருடைய முதல் சிறுகதை வெளியானது. ஏன் எழுத ஆரம்பித்தீர்கள் என்று கேட்டதற்குத் தயங்காமல் பதில் வந்தது.

“எங்க தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல தம்பி. ‘டேய்’தான். ஆபீசுல அவர் நேசன் படிப்பார்னு எனக்குத் தெரியும். கதாநாயகனுக்கு அப்பா பேரையே வெச்சேன்.”

கிராணி படித்தாரா?

“படிச்சார். கதையில எழுத்துப்பிழை இருக்குன்னு அப்பாகிட்டயே சொல்லி அனுப்பினார். ‘உன் மகன்’னுதான் சொன்னார். பேர் மட்டும் வரவே இல்ல.”

அதற்கப்புறமும் இவர் எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கிராணி செத்துப் பல வருடமாகியும்கூட.

அவர் பேச்சைக் கேட்டு நானும் எங்கள் ஊர்க் கமலாலயக் குளம் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாத்தியாரின் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவராம். படித்துப் பார்த்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். சிவப்பு மையோடு வந்தார். தேரும் குளமும் வருகிற முதல் இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டார்.

“இதெல்லாம் காலண்டர்ல இருக்கு. உங்கப்பா அந்தக் குளத்தங்கரையில யாருக்கு முடி வெட்டினார், எவ்வளவு வாங்கினார்? அதை எழுதிட்டு வாங்க.”

அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறேன். அவரோ, சம்பளத்தைக் கூட்டிக் கேட்டாயா என்கிறார்.