சத்தமாகச் சொன்ன எடை

களக்காடு பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த புதிது. பையில் தொங்கு தராசு, பிள்ளையைக் கிடத்தித் தூக்க ஒரு துணித்தூளி, பதிவேடு. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண் அவள். பிறந்தபோது பிள்ளை 2.9 கிலோ. மூன்றாம் நாள் என் தராசில் 2.65. வாழைக்காய் மண்டியில் எடை கூவுகிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்க, "250 கிராம் குறைஞ்சிருக்கு" என்றேன்.

முதல் சில நாட்களில் பிள்ளைகள் இளைப்பது வழக்கம்தான். உடம்பு நீர் இறங்கும், கரும்பச்சை மலம் போகும். 10 சதவீதம் வரை இறங்கிவிட்டு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிடும். இதையும் சொன்னேன். ஆனால் இரண்டாவதாகச் சொன்னேன். முதலில் சொன்னதுதான் அந்த வீட்டில் தங்கியது.

ஏழாம் நாள் போனால் அடுப்படியில் பவுடர் பால் டப்பா, பக்கத்தில் புட்டி.

"இவளுக்குப் பால் பத்தலை நர்சம்மா. நீங்கதான எடை குறைஞ்சிட்டுன்னு சொன்னிய?" என்றார் ஆச்சி.

பதில் சொல்ல வாய் வரவில்லை. தராசை எடுக்காமல், "பால் கொடு தாயி, பாக்கேன்" என்று தரையில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே செய்திருக்க வேண்டியது.

பிள்ளை மல்லாக்கக் கிடந்தது, கழுத்து மட்டும் திரும்பியிருந்தது. அவள் குனிந்து மார்பைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தாள். நுனியை மட்டும் பிடித்துச் சப்பியது. காம்பு வெடித்திருந்தது, வலி தாங்காமல் சட்டென்று எடுத்துவிட்டாள். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுவரில் சாயவைத்தோம். பிள்ளையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்ட, அது ஆவென்று வாய் திறக்கும்வரை பொறுத்திருந்து சேர்த்து அணைக்கச் சொன்னேன். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போய், மோவாய் மார்பில் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்டது.

"இப்ப வலிக்கலைக்கா" என்றாள்.

சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி வந்ததில் சப்புவது குறைந்திருந்தது, அவ்வளவுதான். ராத்திரியும் சேர்த்து 8 முதல் 12 தடவை கொடுக்கச் சொன்னேன். மூத்திரத் துணியை எண்ணும் வேலையை ஆச்சியிடமே விட்டேன். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். வயிறு பெருத்துவிடும் என்று அவளுக்குத் தண்ணீரையே அளந்துதான் கொடுத்தார்கள். அது தனிச் சண்டை.

அடுத்த இரண்டு நாளும் போய்ப் பார்த்தேன். புட்டி மெல்ல ஒதுங்கியது. 14ஆம் நாள் 2.9.

21ஆம் நாள் முள் 3.1இல் நின்றது. நான் வாய் திறக்குமுன் ஆச்சி முந்தானையால் தராசை மறைத்தார்.

"சத்தமாச் சொல்லாதிய நர்சம்மா, கண்ணு பட்டுரும்."

பேசாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.