பிழையில்லாத தாள்

"புத்திக்குப் புரியுது சார், மனசுக்குத்தான் ஏற மாட்டேங்குது." ஆலோசனை அறையில் அடிக்கடி கேட்கிற பேச்சுதான். அன்று, அலுவலக அறிக்கையில் தப்பு வந்துவிடுமோ என்று பயந்து வந்த ஒருவர் இதைச் சொன்னபோது நான் சொன்ன பதில்தான் உறுத்துகிறது: "இன்னும் ரெண்டு வாரம் தாளை எழுதிப் பாருங்க."

தாள் என்றால் எண்ணப் பதிவேடு. 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் தொடங்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையின் வழிவந்தது. அதில் உள்ள கட்டங்கள்: நிகழ்வு, சட்டென்று ஓடிய எண்ணம், உணர்ச்சி, 0 முதல் 100 வரை அதன் அளவு, எண்ணத்துக்குச் சாதகமும் பாதகமுமான ஆதாரங்கள், மாற்று எண்ணம், மறுபடி அளவு.

பலர் உணர்ச்சிக் கட்டத்தில் "மாட்டிக்குவேன்னு தோணுச்சு" என்று எழுதுவார்கள். அது எண்ணம். 'தோணுது' என்ற சொல்லை இரண்டுக்கும் புழங்குவதால் வரும் குழப்பம். பயம், வெட்கம், கோபம் என்று ஒரே சொல்லில் அடங்குகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அன்று வந்தவர் சரியாகவே எழுதியிருந்தார்: அறிக்கையில் தப்பு இருக்கும், வேலை போய்விடும், பயம் 90. பாதக ஆதாரங்களும் வலுவானவை. கடைசியில் 85.

ஐந்து இறங்கியதே முன்னேற்றம் என்றேன். தொடக்கத்தில் அவ்வளவுதான் இறங்கும், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தாளில் செயலுக்குக் கட்டம் கிடையாது, நானும் கேட்கவில்லை. அறிக்கையை அனுப்புமுன் ஏழெட்டு முறை படிக்கிறார், அனுப்பிய பின் சக ஊழியரிடம் "சரியா இருக்கா" என்கிறார். பார்க்கும்போதெல்லாம் பயம் சற்றுத் தணிகிறது. அந்த நிம்மதிக்காகவே அடுத்த முறையும் கை தானாகப் போகிறது. வேலை போகாததையும் "நல்லவேளை, பார்த்தேன்" என்றே மனம் எழுதிக்கொள்ளும். எத்தனை ஆதாரம் சேர்த்தாலும் அந்தக் கணக்கில் வரவு ஏறாது. பயத்தைத் தணிக்க இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதைத்தான் பாதுகாப்பு நடத்தை என்கிறோம்.

ஒரு சிறு சோதனை கொடுத்திருக்கலாம். முக்கியமில்லாத மின்னஞ்சல் ஒன்றை ஒரே முறை படித்து அனுப்புவது. என்ன நடக்கும் என்பதையும் அதை எத்தனை சதவீதம் நம்புகிறார் என்பதையும் முன்பே எழுதுவது. 24 மணி நேரம் யாரிடமும் கேட்காமல் இருந்து, பிறகு ஒப்பிடுவது. முதலில் பயம் ஏறும் என்று சொல்லியனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பியதைத் திறந்து படித்துவிடுவார், சோதனை கெட்டுவிடும்.

ஆனாலும் எண்ணத்தைக் கொஞ்சமும் தளர்த்தாமல் இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா? பயம் 90ல் நிற்கும்போது தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் வராமலே போகிறவர்கள் உண்டு. எதை முதலில் தொடுவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தாள்கள் வந்தன. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் நாலு முறை சரிபார்த்து, புதுத் தாளில் திரும்ப எழுதிக் கொண்டுவந்திருந்தார்.