ஏற்காட்டுக் கொட்டை, சேலத்துத் தண்ணி: வீட்டிலேயே காபித்தூள் கலக்க

கலவை சரியா என்று வெறும் டிகாக்ஷனைக் குடித்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாம் குடிப்பது பால் காபி. தனியாகக் குடிக்கும்போது பழவாசனையும் லேசான புளிப்புமாக அருமையாக இருக்கும் அராபிகா ரகக் காபி, முக்கால் பங்கு பால் விழுந்ததும் காணாமல் போய்விடும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ரோபஸ்டா ரகமும், சிக்கரி என்கிற வறுத்த வேர்த்தூளும்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா. கழுவிப் பதப்படுத்தியது பிளாண்டேஷன். பழத்தோடு காயவைத்து உடைத்தது செர்ரி. அடிப்படைக்கு பிளாண்டேஷன் ஏ, அதாவது அதில் பெரிய கொட்டைத் தரம், போதும். பழத்துக்குள் இரண்டாக இல்லாமல் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டைதான் பீபெரி. சட்டியில் உருண்டு சீராக வறுபடும், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு டம்ளரில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரோபஸ்டா வயநாடு, குடகுப் பக்கத்துச் சரக்கு. காஃபின் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசப்பும் அதிகம், திடமும் அதிகம்.

ரகத்துக்கு ரகம் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் சின்னக் கொட்டை கருகும், பெரியது உள்ளே பச்சையாக நிற்கும். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தபின் 820 முதல் 850 கிராம்தான் தேறும். எவ்வளவு கருக்குகிறோமோ அவ்வளவு குறையும். அதனால் விகிதத்தை வறுத்த எடையில்தான் போட வேண்டும். படபடவென்று வெடித்து ஓய்ந்து, எண்ணெய் மேலே கசியும் முன்பு இறக்கி, முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்றுங்கள். ஒரு நாளாவது விட்டு அரையுங்கள். உடனே அரைத்தால் உள்ளிருக்கும் வாயு நுரைத்துக்கொண்டு, தூள் சீராக நனையாது.

சோதனைக்கு 20 கிராம் போதும்: அராபிகா 12, ரோபஸ்டா 5, சிக்கரி 3. சமையலறைத் தராசு இதற்கு உதவாது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். பில்டரில் 150 மில்லி வெந்நீர் ஊற்றினால் 100 மில்லிக்குச் சற்றுக் கூடுதலாக டிகாக்ஷன் இறங்கும். மீதியைத் தூள் பிடித்துக்கொள்ளும். 30 மில்லிக்கு 90 மில்லி பால். சர்க்கரை போடாமல் ஒரு வாய், போட்டு ஒரு வாய்.

பால்வாசனைதான் முன்னால் நிற்கிறதா? ரோபஸ்டாவை ஒரு கிராம் ஏற்றி, அராபிகாவில் ஒரு கிராம் இறக்குங்கள். கசப்பு நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அதற்கு நேர்மாறு. புளிப்பு தூக்கலாக இருந்தால் விகிதத்தைத் தொடாதீர்கள், வறுவல்தான் போதவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சிக்கரி நிறமும் கெட்டியும் இனிப்புச் சாயலும் தரும். அதில் காஃபின் கிடையாது. கடைப் பாக்கெட்டில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், ஆனால் அந்த எல்லை வரை போனால் அது காபியே இல்லை. 20 சதவீதம் தாண்டினால் ஊறிப் பருத்து பில்டரை அடைக்கவும் செய்யும். டிகாக்ஷன் இறங்காமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிக்கரியை, அடுத்து மாவாக அரைத்த தூளை.

மலையில் சரியாக வந்த கலவை கீழே மந்தமாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் தண்ணி. சேலத்து போர் தண்ணியின் கடினத்தன்மை அராபிகாவின் புளிப்பை அமுக்கிவிடும். மேட்டூர் குழாய்த் தண்ணியோ கேன் தண்ணியோ வைத்துச் செய்து பாருங்கள். இன்னொன்று, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் தண்ணி 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்காட்டில் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றலாம். சேலத்தில் இறக்கி அரை நிமிஷம் விட்டு ஊற்றுங்கள்.

பத்து நாளைக்கு ஆகிற அளவு மட்டும் அரையுங்கள். சிக்கரியை மட்டும் தனி டப்பாவில் இறுக மூடி வைத்து, பில்டரில் போடும்போது சேர்த்தால் போதும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அது ஈரம் குடித்து ஒரே வாரத்தில் கட்டிதட்டிவிடும். கலந்து வைத்திருந்தால் காபித்தூளையும் சேர்த்துக் கெடுக்கும்.