கோத்தகிரிக்கு இரண்டு நாள் வேண்டும்

போன வாரம் அலுவலகத்தில் தோழி ஒருத்தி கேட்டாள். "ஊட்டிக்குப் போறோம், இறங்கும்போது கோத்தகிரி வழியாத்தான் விடுவாங்களாம். ஒரு மணி நேரத்துல அங்க என்ன பாக்கலாம்?" சீசனில் மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது நீலகிரியில் வழக்கம், அதனால் கோத்தகிரியைப் பார்த்த பாதிப்பேர் அதை இறங்கும் வழியில் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். ஒரு மணி நேரம்தான் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடித்துவிட்டு, ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிவிடு, அடுத்த முறை இரண்டு நாள் எடுத்துக்கொண்டு இதற்கென்றே வா என்று சொன்னேன். அவளிடம் வாயால் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கோத்தகிரி சின்ன ஊர். கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம். மலை ரயில் இங்கே வராது, அது குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர், அரசு பஸ்ஸே போதும். மலையின் மூத்த குடிகளில் ஒருவரான கோத்தர்கள் வாழும் தெரு, அதாவது 'கோத்தர் கேரி', அதுதான் பேச்சில் கோத்தகிரி ஆனது என்பார்கள். சுற்றிலும் ஹட்டிகள், அதாவது படுகர்களின் ஊர்கள், இடையிடையே தேயிலை. பெரிய ஏரி, படகு சவாரி, குதிரை எதுவும் கிடையாது. இங்கே செய்வதற்கு இருப்பது நடை. நடக்கப் பிடிக்கும் என்றால் நீலகிரியில் இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

முதலில் லாங்வுட் சோலை. மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள்.

ஊரிலிருந்து மூணு கிலோமீட்டர் இருக்கும். காப்புக்காடு என்பதால் உள்ளே போக வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்டுவிட்டே போங்கள். வழி முழுக்க வெயில், இரண்டு பக்கமும் சீராக வெட்டிவிட்ட தேயிலை, கண்ணுக்கு எட்டும்வரை ஒரே பச்சை. அப்புறம் சோலைக்குள் கால் வைத்ததும் யாரோ கதவைச் சாத்தியதுபோல வெளிச்சம் குறைந்துவிடும், உடம்பில் குளிர் ஏறும், பேச்சு தானாகவே கிசுகிசுப்பாகிவிடும். மரங்கள் ரொம்ப உயரமில்லை. ஆனால் தலைகள் ஒன்றோடு ஒன்று நெருக்கிப் பிடித்து நிற்கும், கிளை முழுக்கப் பாசியும் பெரணியும், கொழுந்து விடும் காலத்தில் சில மரங்களின் தளிர் செக்கச் சிவப்பாக இருக்கும்.

எங்களோடு வந்த வனக் காவலர் அதிகம் பேசாதவர். பாதையோரம் ஓர் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இங்க கை வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். மேலே காய்ந்த சருகு, சரசரவென்று இருந்தது. விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டால் சருகு ஈரமாக, மெத்தென்று, இலை நரம்பு மட்டும் மிஞ்சியதாக இருந்தது. அதற்கும் கீழே இலையும் இல்லை மண்ணும் இல்லை, கறுப்பாக ஏதோ ஒன்று, ஐஸ் மாதிரி குளிர்ச்சி. ஒரு பிடி எடுத்து அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "இதுதாங்க எங்க டேங்க்கு" என்றார் அவர்.

அதுதான் விஷயம். மலை மடிப்புகளில் இந்தச் சோலைகள் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன, அதுதான் கீழே ஓடையாக இறங்கிப் பல ஊர்களின் குடிநீராகிறது. தேயிலைக்காகவும் தைல மரத்துக்காகவும் நீலகிரியில் எத்தனையோ சோலைகள் போய்விட்டன. இந்த 116 ஹெக்டேர் தப்பியதற்கு உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்துக் காவல் காத்தது ஒரு முக்கியக் காரணம். 2024 ஜனவரியில் இதை ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள், அதே சமயத்தில்தான் அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரியும் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்றதும் நமக்கு ஏரி, சதுப்பு நிலம்தான் நினைவுக்கு வரும். ஒரு காட்டை எப்படி அதில் சேர்த்தார்கள் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது, அந்த ஒரு பிடி சருகைப் பிழிந்து பார்த்த பிறகு இல்லை.

பறவை பார்ப்பவர்களுக்கு இது தனி உலகம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய 26 பறவையினங்களில் 14 இங்கே இருக்கின்றன. நான் பெரிய பறவை நோக்கர் இல்லை, ஆனாலும் நீலகிரிச் சிரிப்பானின் குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது, ஒன்று ஆரம்பித்ததும் பக்கத்துப் புதரில் இருக்கும் நாலைந்தும் சேர்ந்துகொள்ளும். பறவையைத் தேடி அலைவதைவிட ஓர் இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் அவையே வந்துவிடும். மழை பெய்த ஈரம் இருந்தால் அட்டை இருக்கும். நீளமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பை ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, தேயிலைத் தோட்டத்துப் பாதைகள். இதற்குப் பேர் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, எந்தப் பட்டியலிலும் வராது. ஹட்டிக்கும் ஹட்டிக்கும் இடையே கொழுந்து பறிப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள்தான். தோட்டம் தனியாருடையது என்றால் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும், அப்படி ஒரு பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் தோளில் பையும் கையில் கத்தரியுமாக ஓர் அம்மா போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நின்று, திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினார். முப்பதடி தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு மேலே இரண்டு கொம்புகள். அப்புறம்தான் உடம்பு தெரிந்தது, கன்னங்கரேலென்று, ஒரு சின்ன வேன் அளவுக்கு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருந்தது. காட்டெருமை. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. "அப்படியே நில்லுங்க தம்பி, ஓடாதீங்க. அது ஓடையில தண்ணி குடிச்சிட்டு மேல ஏறிடும், தெனமும் இதே நேரந்தான்" என்றார். சொன்னபடியே அது எங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது, செடிகளை விலக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டது.

அப்புறம் பேசிக்கொண்டே நடந்தோம். அவருடைய அம்மா கண்டியிலிருந்து வந்தவராம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்த மலைக்கு வந்தார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசே தேயிலை பயிரிடத் தொடங்கியது, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வந்த கதை அதுதான். நாம் போட்டோ எடுக்கும் அந்தப் பச்சைச் சரிவில் இப்படி ஒரு கதையும் இருக்கிறது. தோட்டத்தில் நடந்தால், வேலை செய்பவர்களை அவர்கள் சம்மதமில்லாமல் படம் பிடிக்காதீர்கள். அவர்களுக்கு எடைக் கணக்கு இருக்கிறது, நேரம் முக்கியம்.

கோடநாடு காட்சிமுனைக்கு எல்லாரும் போவார்கள், நீங்களும் போங்கள். ஊரிலிருந்து 18 கிலோமீட்டர், பஸ் உண்டு. ஆனால் நேரம் கொடுங்கள். நான் போன அன்று ஒன்றுமே தெரியவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. வந்த வண்டிகள் ஐந்து நிமிடம் நின்று, பனியோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டே இருந்தன. நான் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழேயிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது, வெள்ளையில் ஓர் ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டைக்குள் ரொம்ப ரொம்ப ஆழத்தில் ஒரு வெள்ளிக் கம்பிபோல மாயாறு. அப்புறம் ஓட்டை பெரிசாகிப் பெரிசாகி ஆற்றங்கரையில் கட்டம் கட்டமாக வயல், தெங்குமரஹாடா கிராமம், அதைத் தாண்டி சத்தியமங்கலம் காடு, கிழக்கே தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர், ஒரு பக்கம் தனியாக நிமிர்ந்து நிற்கும் ரங்கசாமித் தூண் பாறை. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன், "அப்பா, நாம மேகத்துக்கு மேல இருந்தோமா?" என்று கேட்டான், அவன் அப்பா பதில் சொல்லவில்லை, அவரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தெங்குமரஹாடா கோத்தகிரித் தாலுகாவைச் சேர்ந்ததுதான். மேலேயிருந்து பார்த்தால் கல்லெறியும் தூரம் மாதிரி இருக்கும், ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் மலையிறங்கி, பவானிசாகர் போய், புலிகள் காப்பகத்துக்குள் காட்டுப் பாதையில் ஊர்ந்து, கடைசியில் மாயாற்றைக் கடக்க வேண்டும். பரிசலில்தான் அந்த ஊர் மக்கள் காலங்காலமாக ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போக முடியாது, போகவும் வேண்டாம்.

காட்சிமுனையில் நிற்கும்போது வானத்தையும் பாருங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்னமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுக்க அவற்றைக் கொன்றுவிட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை 2006இல் தடை செய்தார்கள். எனக்கு அன்று கண்ணில் பட்டது ஒரே ஒன்று, இறக்கையை அசைக்காமல் கண் மட்டத்தில் மிதந்து போனது. எந்த இனம் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை, இருந்தாலும் அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேத்தரின் அருவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணு பக்கம் பிரிய வேண்டும். கோத்தகிரிப் பக்கம் காப்பி பயிரிட்ட காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரின் மனைவி பேர்தான் கேத்தரின். சுமார் 250 அடி அருவி. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து முழுசாகத் தெரியாது, குன்னூரில் டால்பின் மூக்கு காட்சிமுனையிலிருந்து பார்த்தால்தான் மேலிருந்து கீழ்வரை தெரியும். அருவியின் தலைப்பக்கம் பாறை வழுக்கும், உயிர் போயிருக்கிறது, தடுப்பைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

கன்னேரிமுக்கில் சல்லிவன் நினைவகம் இருக்கிறது. 1819இல் மலையேறி வந்த கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முதலில் வீடு கட்டியது இங்கேதான், ஊட்டி அதற்கப்புறம்தான். பழைய போட்டோக்களுக்காகவே ஒரு மணி நேரம் போகும்.

எப்போது போகலாம் என்று கேட்டால் நான் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை என்பேன். மேற்கிலிருந்து வரும் பருவமழையைத் தொட்டபெட்டா தொடர் ஓரளவு மறைத்துவிடுகிறது, அதனால் ஜூன் ஜூலையில் மலையின் மேற்குப் பக்கம் கொட்டும் அளவுக்கு இங்கே கொட்டாது. மாறாக அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு மழை நேராக இந்தச் சரிவில்தான் மோதும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு மாதங்களில் மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட்டுவிடுங்கள். ஏப்ரல் மே கூட்டம் அதிகம், ஆனால் ஜகரண்டா பூத்து ஊரே ஊதாவாக இருக்கும், அதற்காக வேண்டுமானால் ஒரு தடவை போகலாம்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையே இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்குக் கொண்டுபோக முடியாது, சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். பொழுது சாய்ந்த பிறகு தோட்டப் பாதைகளில் நடக்காதீர்கள், கரடியும் சிறுத்தையும் இந்த ஊரில் உண்மையிலேயே உண்டு.

தோழிக்கு இதை அனுப்பப் போகிறேன். ஜனவரியில் வருகிறாள் என்றால் நானும் சேர்ந்துகொள்வேன், ஏனென்றால் டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில்தான் ஹெத்தையம்மன் பண்டிகை. வெள்ளை உடுத்திய படுகர்கள் ஊர் ஊராக நடந்து கோத்தகிரி பக்கத்திலிருக்கும் பேரகணிக்கு வந்து சேர்வார்கள். இத்தனை தடவை போயும் அந்த நாளில் நான் அங்கே இருந்ததே இல்லை.